ஆயாவைத் திட்டாதீங்க, ஆளைக் கேளுங்க

மக்களே, இது கொஞ்சம் நீளமான இழை. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள்ல பால்வாடிக்குக் குழந்தையை அனுப்புறவங்க கடைசி வரைக்கும் பொறுமையா படிங்க. மத்த ஊர்க்காரங்களும் படிக்கலாம். உங்க ஊர்லயும் நிலைமை பெருசா மாறியிருக்காது.

போன மாசம் நடந்தது. ஊர் பேர் வேண்டாம், குடும்பத்தின் பேரும் வேண்டாம். ஏரியை ஒட்டின ஒரு சின்னக் குப்பம். காலை பதினோரு மணி இருக்கும். மூணு வயசுப் பையன் ஒருத்தன் பால்வாடி வாசலைத் தாண்டி வெளியே நடந்துட்டான். கொஞ்ச தூரத்துல தண்ணி. கரையில உட்கார்ந்து வலையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கார். இறங்கித் தூக்கிட்டார்.

என்கிட்ட கொண்டு வந்தப்போ பையன் வீல்னு அழுதுக்கிட்டு இருந்தான். தண்ணியில விழுந்த குழந்தை அழுதுக்கிட்டே வந்தா டாக்டருக்குப் பாதி பயம் போயிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்புல வச்சிருந்தாங்க. இப்போ நல்லா இருக்கான்.

அன்னைக்கு சாயங்காலம் ஊர்ல ஒரே பேச்சு. "ஆயா என்னத்தப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு? மொதல்ல அதை வேலையை விட்டு எடுக்கணும்."

நான் மறுநாள் அந்த பால்வாடிக்குப் போனேன். அந்த ஆயம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. "சார், சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன் சார். கஞ்சி கொதிக்குது. ஒரு புள்ள அடுப்புகிட்ட வந்துடுச்சு, அதத் தூக்கி அந்தப் பக்கம் உட்கார வச்சேன். அந்த நேரத்துல இவன் போயிட்டான்." டீச்சர் எங்கேன்னு கேட்டேன். அன்னைக்கு சிடிபிஓ ஆபீஸ்ல மீட்டிங். இருபது குழந்தைக்கு மேல, கொதிக்கிற பானை, திறந்த வாசல், ஒரே ஒரு ஆள்.

இந்த இழையில நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பால்வாடியில ஆள் பத்தாது. சமைக்க ஒருத்தர், பதிவேடு எழுதவும் எடை போடவும் வீடு வீடாப் போகவும் ஒருத்தர் இருக்காங்க. குழந்தைங்க முகத்தைப் பார்த்து உட்கார்றதுக்குன்னு மூணாவதா ஒருத்தர் வேணும். இதை நாம யாரும் கேட்கிறதில்ல. ஏதாவது ஆச்சுன்னா ஆயாவைத்தான் திட்டுறோம்.

மேல போறதுக்கு முன்னாடி டாக்டரா ஒண்ணு சொல்லிடறேன், இதை மட்டுமாவது மனசுல வச்சுக்குங்க. தண்ணியில இருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாப் பிடிச்சு சுத்தாதீங்க. வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்காதீங்க. மூச்சு இல்லைன்னா மல்லாக்கப் படுக்க வச்சு, தாடையை லேசா நிமிர்த்தி, வாயோட வாய் வச்சு அஞ்சு தடவை மூச்சு ஊதுங்க. அசைவு இல்லைன்னா மார்புக்கு நடுவுல 30 அழுத்தம், ரெண்டு மூச்சு, மறுபடியும் 30. பக்கத்துல இருக்கறவர் 108-க்கு அடிக்கட்டும். குழந்தை எழுந்து உட்கார்ந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நுரையீரல்ல தண்ணி போயிருந்தா சில மணி நேரம் கழிச்சும் மூச்சுத்திணறல் வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பழவேற்காடு தெரியாதவங்களுக்கு: சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவுல, தென்கோடி நம்மகிட்ட. லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனீங்கன்னா ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவுல ஒரு மணல் திட்டுல ஊர். முகத்துவாரம் மணல் மூடிட்டா ஏரியில மீன் வரத்து குறைஞ்சிடும். ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடற அன்னைக்குக் கடலுக்குப் போகக் கூடாது. வருமானம் நிச்சயமில்லாத வாழ்க்கை.

இந்த ஊர்ல அம்மாக்களோட நாள் எப்படின்னு பாருங்க. விடியறதுக்கு முன்னாடியே கரைக்குப் போகணும், படகு வரும்போது மீன் எடுக்கணும், கூடையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிச்சுப் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் போய் விக்கணும். இருளர் பெண்கள் நிலைமை இன்னும் கஷ்டம். இடுப்பளவுத் தண்ணியில மணிக்கணக்கா இருந்து, ஓலைக்கூடையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, கையாலேயே தடவித் தடவி இறால் பிடிக்கறாங்க. கைக்குழந்தை எங்க இருக்கும்? பெரும்பாலும் எட்டு வயசு அக்கா இடுப்புல. அந்த அக்கா அன்னைக்கு ஸ்கூலுக்குப் போகாது.

பால்வாடி திறக்கறதுக்குள்ள இவங்க வேலைக்குப் போய் மூணு, நாலு மணி நேரம் ஆகியிருக்கும். அதாவது பால்வாடியோட நேரம் ஆபீஸ் போறவங்களுக்குப் பொருந்துற நேரம். ஆபீஸ் போறவங்க யாரும் பிள்ளையைப் பால்வாடியில விடறதில்லங்கறது வேற விஷயம்.

சுத்தித் தண்ணி இருக்கற ஊர்ல குழந்தையைப் பார்த்துக்கறது ஒரு மருத்துவப் பிரச்சினை. இதை நான் பெருசா ஊதிச் சொல்லல. உலக சுகாதார நிறுவனம் 2021-ல தண்ணியில மூழ்கி இறக்கறதைத் தடுக்க ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. அதுல சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கற முக்கியமான தீர்வே பகல்நேரக் காப்பகம்தான்.

அதுக்கு அடிப்படையா இருந்த அனுபவம் வங்காளதேசத்துல இருந்து வந்தது. அங்க கிராமங்கள்ல 'ஆஞ்சல்'னு காப்பகம் நடத்துனாங்க. வங்காளி மொழியில அதுக்கு முந்தானைன்னு அர்த்தம். காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரைக்கும், வாரத்துக்கு ஆறு நாள். ஏன் அந்த நேரம்னா, அம்மா வீட்டு வேலையிலும் வயல் வேலையிலும் மும்முரமா இருக்கற நேரத்துலதான் குழந்தைங்க குளத்துல விழுந்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு மையத்துல சுமார் 25 குழந்தைங்க, பார்த்துக்க ரெண்டு பெண்கள். அங்க சேர்ந்த குழந்தைங்கள்ல மூழ்கிச் சாகறது வெகுவாக் குறைஞ்சது. மருந்து இல்ல, மெஷின் இல்ல. ஒரு அறை, ஒரு கதவு, கண் எடுக்காம பார்க்க ஒரு ஆள்.

நம்ம ஊர் டீச்சர் அப்படிப் பார்க்க முடியுமா? நான் ஒரு நாள் ஓரமா உட்கார்ந்து கவனிச்சேன். அவங்களைக் குறை சொல்றதுக்காக இல்ல.

வந்ததும் வருகைப் பதிவு போன்ல. போஷன் டிராக்கர் செயலி. 2021-ல வந்தது. சத்துமாவு வாங்க வர்ற தாய்மார்களோட முகத்தை இப்போ ஸ்கேன் பண்ணணும். டவர் கிடைக்கலன்னா போனைத் தூக்கிக்கிட்டு வெளியில போய் நிக்கணும். நடுவுல எடை, உயரம் எடுத்தாங்க. கர்ப்பிணி ஒருத்தர் வந்தாங்க, அவங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம். பருப்பு, எண்ணெய் இருப்புக் கணக்கு. தடுப்பூசி நாளைக்கு லிஸ்ட். தேர்தல் வந்தா வாக்காளர் பட்டியல் வேலையும் பல இடத்துல இவங்க தலையிலதான். மதியத்துக்குள்ள பாட்டு, கதைன்னு குழந்தைங்களோட அவங்க உட்கார்ந்தது அரை மணி நேரம் இருந்தா அதிகம். அந்த அரை மணி நேரத்துல அவங்க முகம் மாறினதைப் பார்த்தேன். நல்லாச் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவங்க. சொல்லிக் குடுக்க விடமாட்டேங்கறோம்.

ஆறு சேவைன்னு காகிதத்துல இருக்கு: துணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, பரிந்துரை, தாய்மார்களுக்குச் சத்துணவு ஆலோசனை. ஆறுக்கும் ஒரே டீச்சர். வேலை நெருக்கும்போது எது தள்ளிப்போகும்? எதுக்குப் பதிவேடு கிடையாதோ அது. பாட்டுக்கும் கதைக்கும் பதிவேடு கிடையாது.

இன்னும் மோசம், சின்னக் குப்பங்கள். சாதாரணமா கிராமத்துல 400-லிருந்து 800 பேருக்கு ஒரு முழு மையம். அதுக்குக் குறைஞ்சா மினி மையம். மினி மையத்துல ஆயா பதவியே கிடையாது, எல்லாத்துக்கும் ஒரே ஆள். தண்ணிக்கு நடுவுல சிதறிக்கிடக்கற ஊர்ல ஜனத்தொகை குறைவாத்தான் இருக்கும். அதாவது எங்க ஆபத்து அதிகமோ அங்க ஆள் குறைவு! மினி மையங்களை முழு மையமாத் தரம் உயர்த்த மத்திய அரசோட புதிய விதிகள் இப்போ இடம் குடுக்குது. உங்க ஊர் மையம் எந்த வகைன்னு விசாரிச்சீங்களா?

இப்போ என்கிட்ட சிலர் கேட்பாங்க. "டாக்டர், ஆள் போட்டா மட்டும் மாறிடுமா? இருக்கறவங்களை ஒழுங்கா வேலை வாங்கினாப் போதாதா?" நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் நம்ம தமிழ்நாட்டுலயே சோதிச்சுப் பார்த்தாச்சு.

கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள். தமிழ்நாட்டுல 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலா ஒரு அரைநாள் பணியாளரைப் போட்டாங்க. புது மருந்தைச் சோதிக்கும்போது நாங்க எப்படிச் செய்வோமோ அதே மாதிரி. அந்தப் பணியாளருக்கு ஒரே வேலை, முன்பருவக் கல்வி. பதிவேடு இல்ல, சத்துமாவு இல்ல.

18 மாசம் கழிச்சுப் பார்த்தா, குழந்தைங்களுக்குக் கிடைச்ச கற்பித்தல் நேரம் ரெண்டு மடங்கு. தேர்வுல கணக்குல 0.29, மொழியில 0.46 திட்ட விலக்கம் அதிகம். இது புரியலன்னா இப்படி நினைச்சுக்குங்க: 100 குழந்தைகளை மதிப்பெண் வரிசையில நிக்க வச்சா, நடுவுல நின்ன குழந்தை கணக்குல சுமார் 11 இடமும், மொழியில சுமார் 18 இடமும் முன்னாடி போகும். ஒரு அரைநாள் ஆளுக்கு இது பெரிய விஷயம்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் அடுத்தது. கூடுதல் ஆள் வந்தது பாடத்துக்குத்தான். ஆனா அந்த மையங்கள்ல வளர்ச்சி குன்றுதலும், தீவிர ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைஞ்சிருந்தது. ஏன்? பழைய டீச்சருக்குக் கை ஓய்ஞ்சது. அந்த நேரத்துல அவங்க எடை போட்டாங்க, வீடுகளுக்குப் போனாங்க. கல்விக்குப் போட்ட ஆள் உடம்பையும் தேத்திட்டார். இந்த ஆய்வு 2024-ல ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமியில வந்திருக்கு. அந்தத் துறையில அது முதல் வரிசை இதழ்.

மருத்துவனா எனக்கு இது ஏன் முக்கியம்? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 5 வயசுக்குள்ள குழந்தைகள்ல 25 சதவீதம் வளர்ச்சி குன்றினவங்க. ஆறு மாசத்துலிருந்து அஞ்சு வயசுக்குள்ள 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, முந்தைய கணக்கெடுப்பைவிட அதிகம். நல்லா ஓடி ஆடறானேன்னு நீங்க நினைக்கற பையனுக்குக்கூட ஹீமோகுளோபின் ஒன்பதுதான் இருக்கும். மண்ணு தின்னுறான், சாப்பிட அடம் பிடிக்கறான், மந்தமா இருக்கான். இதெல்லாம் பத்து நிமிஷம் பார்க்கற டாக்டர் கண்ணுல படாது. தினமும் கூட உட்கார்ந்து சோறு ஊட்டறவங்க கண்ணுலதான் படும். புஜத்துல நாடா வச்சு அளந்து 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா உடனே அனுப்பணும்னு டீச்சருக்குத் தெரியும். அளக்க நேரம் வேணும்ல?

பேச்சு தாமதமா வர்ற குழந்தைங்க விஷயமும் அதேதான். இந்தக் கரையில நாலு வயசுல முழு வாக்கியம் பேசாத பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்ற அம்மாக்களை அடிக்கடி பார்க்கறேன். "போன்ல பாட்டு போட்டா நல்லாப் பார்க்கறான் சார்" அப்படின்னு சொல்வாங்க. போன் பதில் பேசாதும்மா. குழந்தை ஒண்ணு சொல்ல, பெரியவங்க ஒண்ணு சொல்ல, அப்படி மாறி மாறிப் போனாத்தான் பேச்சு வளரும். காது நல்லாக் கேக்குதான்னும் ஒரு தடவை பரிசோதிச்சுடுங்க.

பிள்ளையை மூணு வயசுலயே வேன்ல ஏத்தி இங்கிலீஷ் மீடியம் எல்கேஜிக்கு அனுப்பறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க ஆசை எனக்குப் புரியுது, கடன் வாங்கியாவது படிக்க வைக்கணும்னு துடிக்கறீங்க. ஆனா காலையில ஏழரைக்கு வேன், அரைத்தூக்கம், அங்க போய் நோட்டுல நாலு பக்கம் ஏ பி சி டி. மூணு வயசு விரல்ல பென்சிலை அழுத்திப் பிடிக்கற பலம் இருக்காது. மண்ணு பிசையணும், மணி கோக்கணும், கிழிச்சு ஒட்டணும். அதுக்குப் பேருதான் எழுதப் பழகறது. நம்ம அங்கன்வாடிக்குன்னு போட்ட பாடத்திட்டம் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. பேரைப் பாருங்க, நல்ல பாடத்திட்டம். அலமாரியில இருக்கு.

எல்கேஜி மோகம் அரசாங்கத்துக்கும் தெரியாம இல்ல. 2019 ஜனவரியில நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்கற 2,381 அங்கன்வாடிகள்ல எல்கேஜி, யுகேஜி ஆரம்பிச்சாங்க. உபரியா இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்க மாத்தினாங்க. பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவங்க "எங்களுக்கு ஏன் இது"ன்னு கேட்டாங்க, வழக்கும் போட்டாங்க. 2022-ல நிறுத்தப் போறாங்கன்னு செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பி, அப்புறம் தொடரும்னு அறிவிச்சாங்க. பெற்றோர் விரும்பினது, எண்ணம் நல்லது. சின்னக் குழந்தையோட உட்காரப் பயிற்சி பெற்ற ஆளை, இதுக்குன்னே, நிலையா போடாததுதான் குறை.

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்ல. நாட்டுல ஐசிடிஎஸ் திட்டம் 1975 அக்டோபர் 2-ல 33 வட்டாரங்கள்ல ஆரம்பிச்சது. அதுக்கு வழி போட்ட முன்பருவக் குழந்தைகள் குழுவோட தலைவர் மீனா சுவாமிநாதன், 1972-லயே அறிக்கை குடுத்துட்டாங்க. 1980-ல தமிழ்நாடு உலக வங்கி உதவியோட தனியா ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் நடத்துச்சு. மூணு வயசுக்கு உட்பட்ட குழந்தைங்களை மாசா மாசம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தையை மட்டும் கண்டுபிடிச்சு உணவு குடுக்க கிராமத்துல தனி ஊழியர். 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தப்போ, பெரிய குழந்தைங்களுக்குத் தனி மையம், தனி ஆள். கைக்குழந்தைக்கு ஒருத்தர், பாட்டுப் பாடற வயசுக்கு ஒருத்தர்ங்கற யோசனை இந்த மண்ணுலயே இருந்திருக்கு. 2012-ல மத்திய அரசு திட்டத்தை மாத்தி எழுதினப்போ ரெண்டாவது பணியாளர்னு பேசினாங்க, அதுவும் நிலைமை மோசமா இருந்த 200 மாவட்டங்களுக்குத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்காம சொல்லிடறேன். மேல சொன்ன ஆய்வு லாபகரமாத் தெரியறதுக்கு ஒரு காரணம், அந்தக் கூடுதல் ஆளுக்குக் குடுத்த சம்பளம் குறைவு. "அட, மலிவா முடியுதே"ன்னு அரசாங்கம் இன்னொரு பெண்ணை மதிப்பூதியத்துல உட்கார வச்சிடக் கூடாது. அங்கன்வாடி பணியாளருக்கு மத்திய அரசு கணக்குல இருந்த 3,000 ரூபாயை 2018 அக்டோபர்ல 4,500 ஆக்கினாங்க. ஆயாவுக்கு 1,500-லிருந்து 2,250. தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து சிறப்புக் காலமுறை ஊதியம்னு குடுக்கறதால இங்க நிலைமை பரவாயில்ல. ஆனாலும் ஊழியர்னு முழுசா ஒத்துக்கல. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்குல இவங்களுக்குப் பணிக்கொடை உண்டுன்னு சொல்ல வேண்டியிருந்தது. முப்பது வருஷம் சோறு வடிச்சவங்களுக்குப் பணிக்கொடை கேட்டு டெல்லி வரைக்கும் போகணுமா?

காலியிடம் வேற. 2025-ல தமிழ்நாடு அரசு 7,783 பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு விட்டுச்சு. அதுல 3,592 ஆயா பதவி. இது ஏற்கனவே இருக்க வேண்டிய ஆள் மட்டும்தான், நான் கேக்கற மூணாவது ஆள் இதுக்கு மேல.

அந்த மூணாவது ஆள் வந்தா நேரத்தையும் மாத்தலாம். மீனவக் குப்பத்துல ஒருத்தர் காலை ஆறு மணிக்கே கதவைத் திறக்கட்டும், இன்னொருத்தர் சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். கர்நாடகாவுல கிராம ஊராட்சிகள்ல 'கூசின மனே'ன்னு குழந்தைகள் காப்பகம் 2023-லிருந்து நடத்தறாங்க, நூறு நாள் வேலைக்குப் போற அம்மாக்களுக்காக. நூறு நாள் வேலைக்கு முடியும்னா, வருஷம் முழுக்க ஏரியில நிக்கற இருளர் அம்மாவுக்கும் முடியும்.

இப்போ உங்க வேலை. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ரோடு, தண்ணி, லைட்டுன்னு பேசி முடிச்சிடுவாங்க. நீங்க எழுந்து நின்னு பால்வாடி பத்திப் பேசுங்க. எங்க மையம் மினியா, முழு மையமா? காலியிடம் எத்தனை? மினின்னா தரம் உயர்த்தணும். முன்பருவக் கல்விக்குத் தனி ஆள் வேணும். திறக்கற நேரம் எங்க வேலைக்குத் தகுந்த மாதிரி மாறணும். சுத்துச்சுவரும் கதவும் வேணும். இதைத் தீர்மானமா எழுதச் சொல்லி, எழுதினதை வாசிக்கச் சொல்லி, கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. ஆறு வயசுக்குட்பட்ட 40 குழந்தைங்க இருந்தும் மையமே இல்லாத குடியிருப்பா இருந்தா, கேட்ட மூணு மாசத்துல மையம் குடுக்கணும்னு 2006 டிசம்பர் 13-ல உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இருக்கு. அதையும் சொல்லுங்க. இருளர் குடியிருப்பு உங்க ஊராட்சியில இருந்தா அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அவங்க குரல் தனியாப் போனா எடுபடறதில்ல.

அந்த ஆயம்மாவை வேலையை விட்டு எடுக்கல. பெரியவங்க ரெண்டு பேர்கிட்டயும் அந்தப் பையனோட அம்மாகிட்டயும் நான் பேசினேன். அம்மா சொன்னாங்க, "அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். அன்னைக்கு நானும் மீன் விக்கத்தான போயிருந்தேன்." ஊர்க்காரங்க காசு போட்டு வாசலுக்கு ஒரு கம்பிக் கதவு வச்சிருக்காங்க. கொக்கி உயரத்துல இருக்கு, குழந்தைக்கு எட்டாது.

போன வாரம் போனப்பவும் டீச்சருக்கு மீட்டிங். ஆயம்மா அடுப்படியிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசலை எட்டிப் பார்த்துக்கிட்டே சோறு வடிச்சாங்க.